கையுறை என் வீட்டில் இருந்த நாட்கள்

2025.08.18, திங்கட்கிழமை, பி.ப. 3.10. பெயர்: ஜவாஹிர் ஹிதாயா. வயது: 34. முகவரி: ஆறாம் கட்டை, அக்குறணை. தொழில்: வீட்டில் தையல். யாரும் அழைக்காமல் தானாகப் பொலிஸ் நிலையத்துக்கு வந்து கூறுவதாவது:

மேற்சொன்ன முகவரியில் கணவருடனும் எட்டு வயது மகள் பஸ்னாவுடனும் வசிக்கிறேன். மகளுக்குப் பிறவியிலேயே வலது கை பலவீனம், விரல்கள் மடங்கியே இருக்கும். கண்டியில் ஒரு சிறுவர் சிகிச்சை நிலையத்துக்கு வாரம் இரண்டு நாள் கூட்டிப் போகிறேன். அங்கே சிகிச்சை தரும் சஞ்சயன் அவள் கையில் ஒரு மின் கையுறையை மாட்டி, கணினியில் மீன் விளையாட்டு விளையாட விடுவார். விரல்களை விரித்தால் திரையில் மீன் வாய் திறக்கும், கையுறையில் பச்சை விளக்கு எரியும். எத்தனை தடவை, எத்தனை மணிக்கு விரித்தாள் என்பதைக் கையுறையே பதிந்துகொள்ளும். அங்கே துப்புரவு வேலை செய்பவர் பன்விலையைச் சேர்ந்த இருளப்பன். நாங்கள் போகும் ஒவ்வொரு நாளும் அவர் ஒரு டொஃபியை நீட்டி, "சோத்துக் கையை நீட்டுங்க பாப்பா" என்று சொல்லிக் காத்து நிற்பார். அவளால் வலது கையை நீட்ட முடியாதபோது இடது கையில் கொடுத்துவிடுவார்.

கடந்த 14ஆம் திகதி வியாழக்கிழமை மாலை மகள் களைத்துப்போய்க் கையுறையுடனேயே என் தோளில் தூங்கிவிட்டாள். மழைக்காக அவளைச் சால்வையால் மூடிக்கொண்டு பஸ் ஏறினேன். வீட்டில்தான் கையுறையைக் கண்டேன். அது மறதி. அதன் பின்னர் செய்தது மறதி அல்ல, அதையும் அப்படியே எழுதிக்கொள்ளவும்.

சனிக்கிழமை என் தங்கையின் கல்யாணம். எங்கள் கல்யாணங்களில் சஹன் என்னும் ஒரு பெரிய தட்டைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து, அதிலேயே வலது கையால் சாப்பிடுவது வழக்கம். மகள் ஒருநாளும் சஹனில் உட்கார்ந்ததில்லை. யாரும் தடுக்கவில்லை, அவளாகவே ஒதுங்கித் தனிப் பீங்கானில் கரண்டியால் சாப்பிடுவாள். ஆகையால் கையுறையை வைத்துக்கொண்டேன். அதற்கு மேல் ஒரு பொலித்தீன் பையைக் கட்டி, வெள்ளி முழுவதும், சனி காலையிலும் சோற்றை அள்ளவும் விடவும் பழக்கினேன். பெருவிரல் பக்கம் உள்ள மஞ்சள் கறை பருப்புக் கறியுடையது.

சனி காலை சிகிச்சை நிலையத்திலிருந்து மூன்று அழைப்புகள் வந்தன. யார் என்று தெரிந்தும் எடுக்கவில்லை. அதன் பின்னர் மண்டபத்தில் கையுறையைக் கழற்றிவிட்டு, மகளை மற்றப் பிள்ளைகள் ஐவருடன் சஹனில் உட்கார வைத்தேன். பாதிச் சோறு மடியில் விழுந்தது. மீதியை வலது கையால் சாப்பிட்டாள். நான் அன்று சாப்பிடவில்லை, பசிக்கவுமில்லை. அவ்வளவு சந்தோஷம்.

இன்று காலை கையுறையைத் திருப்பிக் கொடுக்கப் போனபோதுதான், கையுறை களவு போனதாக அவர்கள் முறைப்பாடு செய்ததையும், அது இருக்கும் அலுமாரியைக் கடைசியாகப் பூட்டியவர் என்று இருளப்பனைச் சனிக்கிழமை இங்கே விசாரித்ததையும் அறிந்தேன். என் மகள் சஹனில் இருந்த நேரம் அவர் இங்கே இந்த வாங்கில் உட்கார்ந்து இருந்திருக்கிறார். எனக்கு வெட்கமாகிவிட்டது. சஞ்சயன் கையுறையைக் கணினியில் இணைத்துப் பார்த்தார். இரண்டு நாளில் 2,316 தடவை விரித்ததாக நேரத்துடன் பதிவு இருந்தது. "அக்கா, இஞ்ச ஒரு மாசத்திலயும் பிள்ளை இவ்வளவு விரிக்கேல்லையே" என்றார். அந்தப் பதிவின் பிரதியை ஒப்படைக்கிறேன். சிகிச்சை நிலையம் முறைப்பாட்டை மீளப் பெறுகிறது. ஆனால் இருளப்பனின் பெயர் உங்கள் புத்தகத்தில் இருப்பதால், என் பெயரையும் அதில் எழுதவே வந்தேன்.

இதைச் சொல்லிக்கொண்டிருக்கையில் செய்தி அறிந்து இருளப்பனும் வந்து சேர்ந்தார். நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் சட்டைப் பையிலிருந்து டொஃபியை எடுத்து, என்னுடன் வந்திருந்த மகளிடம் நீட்டினார். இன்று எந்தக் கையை நீட்ட வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. அவளாகவே வலது கையை நீட்டி, ஐந்து விரலையும் விரித்து வாங்கினாள். இது வழக்குக்குத் தேவையில்லை என்று உத்தியோகத்தர் சொன்னார். எழுதும்படி நான் கேட்டுக்கொண்டேன்.

எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னது இதுவே, இதில் பொய் இல்லை.

(ஒப்பம்) ஜ. ஹிதாயா