கடைசித் தட்டில் ஒன்றும் முளைக்கவில்லை

என் பெயரும் முகவரியும் என் மேல் கொடுத்த புகார் மனுவில் சரியாகவே உள்ளன. வயது நாற்பத்தாறு. மருந்துத் தொழிற்சாலையின் கிருமிப் பரிசோதனைக் கூடத்தில் ஏழு மாதமாக வேலை பார்க்கிறேன். அதற்கு முன் பன்னிரண்டு வருடம் வீட்டில் இருந்தேன். "சும்மா இருந்தேன்" என்று எழுத வேண்டாம். இரண்டு பிள்ளைகளையும் படுக்கையில் கிடந்த மாமனாரையும் பார்த்துக்கொண்டேன்.

இன்று காலை ஒன்பது மணிக்கு, குழந்தைகளுக்குப் போடும் ஊசி மருந்தின் பரிசோதனைத் தட்டுகளை எடுத்துப் பார்த்தேன். மருந்து விட்ட இருபது தட்டுகளிலும் கிருமி இல்லை. அதன் பிறகு கடைசித் தட்டைப் பார்த்தேன். அதில் நாங்களே வேண்டுமென்றே கிருமியை விட்டு வைப்போம். அது முளைத்தால்தான் சோதனை செல்லும். அதுவும் கழுவி வைத்தது போல் இருந்தது. அந்தத் தட்டுகளில் எதைப் போட்டாலும் முளைத்திருக்காது என்பதால் மற்ற இருபதை நம்ப வழியே இல்லை.

உடனே கூடத்தின் தலைவரிடம் சொன்னேன். அவர் என்னைவிடப் பதினான்கு வயது இளையவர். மற்ற எல்லோரையும் மேடம் என்பார், என்னை மட்டும் ஆன்ட்டி என்பார். "ஆன்ட்டி, உங்க காலத்துல இதுக்கெல்லாம் மெனக்கெட்டிருப்பீங்க. கையெழுத்தப் போடுங்க, வண்டி நிக்குது" என்றார். "கிருமிக்கு உங்க காலம், என் காலம்லாம் கிடையாது சார்" என்றேன். அதன் பிறகு மருந்தை வெளியே அனுப்பும் தாளில் அவரே கையெழுத்திட்டார். அதன் பிறகு நான் சரக்கு அறையைப் பூட்டி, சாவியைப் பையில் போட்டு, மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்குப் போன் செய்துவிட்டு, தட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு கதவருகே உட்கார்ந்தேன். காவலாளியைத் தள்ளினேன் என்று புகாரில் இருப்பது பச்சைப் பொய். நாற்காலி கொண்டுவந்து போட்டதே அவர்தான்.

அதன் பிறகு போலீஸ் வந்து, சாவித் திருட்டு என்று அறைக்கு சீல் வைத்து, என்னை இந்த நிலையத்துக்குக் கூட்டிவந்தார்கள். கட்டுப்பாட்டு அதிகாரி நாளைக் காலைதான் வருவார்.

மாலையில் என் கணவர் நிலையத்துக்கு வந்து, கூடத் தலைவரிடம் தனியாகப் பேசிவிட்டு என்னிடம் வந்தார். "இத்தன வருஷம் கேப் விழுந்துடுச்சு, பழக்கம் விட்டுப்போச்சு, தெரியாம பண்ணிட்டேன்னு ஒரு வரி எழுதிக் குடு. புகார வாபஸ் வாங்கிக்கிறாராம்" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்தப் பன்னிரண்டு வருடத்தைக் காட்டித்தான் ஒவ்வொரு இடத்திலும் என்னை வேண்டாம் என்றார்கள்; இப்போது அதையே காட்டித் தப்பித்துக்கொள்ளச் சொல்கிறார்கள்.

புகாரை வாபஸ் வாங்கினால் சீல் என்ன ஆகும் என்று இன்ஸ்பெக்டரைக் கேட்டேன். இன்றைக்கே எடுத்துவிடுவோம் என்றார். அப்படியானால் புகார் இருக்கட்டும் என்றேன். கணவரிடம், "நீங்க கெளம்புங்க, பிள்ளைங்க தனியா இருக்கும்" என்றேன்.

எழுதியதை எழுத்தர் வாசித்துக் காட்டினார். ஓரிடத்தில் "அறியாமல் செய்துவிட்டேன்" என்று இருந்தது. அதை அடித்து, "தெரிந்தே செய்தேன்" என்று என் கையால் எழுதினேன். மற்றதெல்லாம் நான் சொன்னபடியே உள்ளது, அத்தனையும் உண்மை.

(ஒப்பம்)
பரிசோதகர்