ஏழரை என்றால் நல்ல செய்தி

உப்புநீர் நீச்சல் குளத்தில் குளோரின் கிடையாது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் ஒரு கை அள்ளி நாக்கில் வைத்துப் பார்த்து, கண்ணீர் மாதிரி இருக்கிறதே என்பார்கள். உண்மையில் அந்த உப்பிலிருந்துதான் குளோரின் வருகிறது. பம்பு அறையில் ஒரு சிறிய பெட்டி இருக்கிறது. அதன் தகடுகளுக்கிடையே தண்ணீர் போகும்போது மின்சாரம் உப்பைப் பிரித்துவிடுகிறது. கையால் கொட்டுவதில்லை என்பதால் அங்கே எதுவும் இல்லை என்று தோன்றுகிறது, அவ்வளவுதான்.

டாக்டர், போன வாரம் என்னை அழைத்து, என் கணவரைப் பற்றி மாணவர்களிடம் பேச அனுமதி கேட்டீர்கள். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாத ஒரு மனிதர், சிறுநீரில் ரத்தம் போவது தெரியாமலே ஒன்பது மாதங்களைக் கழித்துவிட்டார், இப்படிப்பட்டவர்களிடம் நாமாகக் கேட்க வேண்டும் என்று சொல்லப்போவதாகச் சொன்னீர்கள். தாராளமாகச் சொல்லுங்கள். ஆனால் அதில் ஒரு பிழை இருக்கிறது. படிக்கிற பிள்ளைகளுக்குப் பிழையாகச் சொல்லக் கூடாது.

அவர் பாலம் கட்டுகிறவர். எங்கே ஆறு இருக்கிறதோ அங்கே போய்விடுவார். கல்யாணத்துக்குப் பிறகு வேலையில் இருந்த முப்பத்தேழு வருடங்களில் வீட்டில் இருந்த நாட்களைக் கூட்டினால் நாலு வருடம் தேறாது. ஓய்வு பெற்றதும் கொல்லைப்புறத்தில் இந்தக் குளத்தைத் தோண்டினார். பெரியது ஒன்றுமில்லை, பதினோரு கை வீசினால் மறுகரை.

உப்புநீர்க் குளத்தின் சுபாவம், பி.ஹெச்., அதாவது நீரின் காரத்தன்மை, தானாக ஏறிக்கொண்டே இருக்கும். கவனிக்காமல் விட்டால் தகடுகளில் சுண்ணாம்பு வெள்ளையாகப் படிந்துவிடும், நீர் கலங்கும், கண் எரியும். தினமும் காலையில் ஒரு சிறு குழாயில் நீரை எடுத்து, சிவப்பு மருந்தில் ஐந்து சொட்டு விட்டு, அட்டையோடு ஒப்பிட வேண்டும். குறைந்தால் மஞ்சள். நடுவில் ஆரஞ்சு. ஏறினால் ரோஜாச் சிவப்பு. அவருக்கு மூன்றும் ஏதோ ஒரே சேற்றின் மூன்று பங்கு. ஆகவே சொட்டு விடுவது அவர் வேலை, பார்த்துச் சொல்வது என் வேலை.

வெயிலுக்கு முதுகைக் காட்டி நின்று, வெள்ளைச் சுவருக்கு நேரே குழாயைப் பிடித்துக் காட்டுவார்.

"என்ன கலர்?"

"பப்பாளி. செங்காய்."

"நம்பர் சொல்லும்மா."

"ஏழரை."

"பாரு, ஊர்ல எல்லாருக்கும் ஏழரைன்னா வயித்தைக் கலக்கும். நமக்கு மட்டும்தான் நல்ல செய்தி."

தினமும் அதே நகைச்சுவை. நானும் தினமும் சிரித்தேன். எட்டு என்று சொன்னால் முகம் சுருங்கி, கையுறை மாட்டிக்கொண்டு, அளவுக் குவளையில் அமிலத்தை எடுத்துவந்து ஓடுகிற நீரில் மெல்ல விடுவார். நான் சொன்ன ஒரு எண்ணுக்காக அவ்வளவு பெரிய ஆள் அவ்வளவு கவனமாக நடப்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

"நீ பச்சைன்னா எனக்குப் பச்சை. ஏமாத்தினாலும் எனக்கெங்க தெரியப்போகுது?"

"ஏமாத்திக்கிட்டுதான் இருக்கேன். இப்ப போட்டிருக்கிறது என்ன கலர் சட்டைன்னு நினைக்கிறீங்க?"

"நீ எடுத்துக் குடுத்த கலர்."

எனக்கு அந்தக் காலைகள் எப்படி இருந்தன என்பதை உங்களுக்குப் புரியவைக்க வேண்டும் என்பதற்காகத்தான் இதையெல்லாம் எழுதுகிறேன். அப்போது எங்களுக்குக் கல்யாணமாகி நாற்பது வருடம். நான் கல்யாண வாழ்க்கை என்று எதை நினைத்துப் போனேனோ அது மூன்று வருடங்களுக்கு முன்புதான் தொடங்கியிருந்தது.

எங்கள் மகள் வேறு ஊரில் இருக்கிறாள். பெரிய வீடு, இரண்டு குழந்தைகள். எங்களையும் அங்கே வந்துவிடச் சொல்லிக்கொண்டே இருந்தாள். "ஒருநாள் உடம்பு சரியில்லன்னு தெரிஞ்சாலும் போதும், நான் வந்து ரெண்டு பேரையும் அள்ளிக்கிட்டு வந்துடுவேன். அப்புறம் அந்தக் குளத்தை யார் வேணா வாங்கிக்கட்டும்" என்றாள். அவரும், "சரிம்மா, உடம்புக்கு முடியலன்னா வந்துடறோம்" என்று வாக்குக் கொடுத்துவிட்டார். மகள் வீட்டில் அவர் எல்லோருக்கும் உரியவர். பேரப்பிள்ளைகள் முதுகில் ஏறுவார்கள், மருமகன் பாலங்களைப் பற்றிக் கேட்பார். நான் சமையலறையில் இருப்பேன். அது எனக்குத் தெரியும்.

அந்தப் பேச்சு நடந்த இரண்டாவது வாரம், குளியலறையிலிருந்து கூப்பிட்டார்.

"இங்க வாயேன். இது கொஞ்சம் கருத்த மாதிரி இருக்கு. என்ன கலர்னு பாரு."

போய்ப் பார்த்தேன். சோதனைக் குழாயில் எட்டைத் தாண்டினால் ஒரு நிறம் வரும். அதே நிறம்.

"மஞ்சள்தான். வெயில்ல நீந்துறீங்க, குடிக்கத் தண்ணி குடுத்தா அப்படியே வச்சுடறீங்க. பின்ன எப்படி இருக்கும்?"

"அப்படியா" என்றார். ஒரு செம்புத் தண்ணீரை நின்றபடியே குடித்தார், திட்டு வாங்கிய பிள்ளை மாதிரி. மறுநாள் சரியாகிவிட்டது. மூன்று வாரம் ஒன்றுமில்லை. அதனால் நான் செய்தது தப்பில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

நீங்கள் சொல்லப்போகும் கதையில் இதுதான் பிழை, டாக்டர். அவருக்குத் தெரியவில்லை என்பது சரி. கேட்கவில்லை என்பது சரியல்ல. ஒன்பது மாதங்களில் பதினோரு முறை கேட்டார். பதினோரு முறையும் மஞ்சள் என்றேன்.

மூன்றாவது முறைக்குப் பிறகு நூலகத்துக்குப் போய் மருத்துவப் புத்தகம் ஒன்றை எடுத்துப் படித்தேன். வலி இல்லாமல் வரும், விட்டுவிட்டு வரும், நின்றுவிட்டதால் குணமாகிவிட்டது என்று எண்ணக் கூடாது என்று தெளிவாகவே எழுதியிருந்தது. புத்தகத்தை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு, வரும் வழியில் குளத்துக்கு இரண்டு மூட்டை உப்பு சொல்லிவிட்டு வந்தேன். சொல்லிவிடலாம் என்று நினைத்த நாட்களும் உண்டு. ஆனால் இன்று சிவப்பு என்று சொன்னால், அன்று என்ன நிறம் என்று கேட்பாரே. அவருக்கு நிறம் என்பதே நான் சொல்வதுதான். அதில் ஒன்று பொய் என்று தெரிந்தால் பிறகு எதை நம்புவார்? அவர் நிம்மதியைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

குளத்து நீரைப் பற்றி மட்டும் நான் ஒருநாளும் பொய் சொன்னதில்லை. அட்டையில் இல்லாத இடைநிறத்தைக்கூடப் பிரித்துச் சொன்னேன். அந்த ஒன்பது மாதமும் அடியில் கிடக்கும் ஊசி தெரிகிற அளவுக்கு நீர் தெளிவாக இருந்தது.

பன்னிரண்டாவது முறை மகள் வந்திருந்தாள். அவர் என்னைக் கூப்பிட்டபோது நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அவள் முந்திக்கொண்டு போய்விட்டாள்.

"அப்பா, இது ரத்தம்பா."

"இல்லம்மா, மஞ்சள். அம்மா பார்த்திருக்கா."

நான் ஈரத் துணியோடு வாசலில் வந்து நின்றேன். மகள் என்னைப் பார்த்தாள். அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "ஐயோ பாவம், அம்மாவுக்குக் கண்ணு கெட்டுப்போயிருக்கு. நம்ம யாருமே கவனிக்கல பாரு" என்றார். மகள் உடனே நம்பிவிட்டாள். நானும் ஆமாம் என்று தலையாட்டினேன்.

மறுநாள் உங்களிடம் வந்தோம். ஆறு மாதம் முன்னால் வந்திருந்தால் வேறு மாதிரி பேசியிருப்பேன் என்றீர்கள். வெளியே வராந்தாவில் மகள் அவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "உங்களுக்கு எப்பவுமே அசட்டைதான்பா. என்கிட்ட ஃபோன்ல ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. அம்மாவுக்கு கண்ணு தெரியலன்னா, உங்களுக்கு வாய் இல்லையா?" அவர் அவள் தலையைத் தடவிக்கொண்டே, "தப்புதான், தப்புதான்" என்றார். இன்றைக்கும் அவள் அவர்மேல் கோபமாகத்தான் இருக்கிறாள். படத்தைப் பார்த்தே திட்டுகிறாள்.

அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்த நாலாம் நாள், நடக்கவே முடியாத நிலையில், அவர் என்னைக் கண்ணாடிக் கடைக்கு அழைத்துப் போனார். ஆட்டோவில் ஒவ்வொரு குழிக்கும் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். "என் உடம்பு கெடக்கட்டும், மொதல்ல உன் கண்ணைப் பார்ப்போம்" என்றார். கடையில் ஒரு பெண் என் முகத்தில் இரும்புச் சட்டத்தை மாட்டி, வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, இது தெளிவா, அது தெளிவா என்று கேட்டாள். தெளிவாக இருந்ததை மங்கல் என்றேன். மங்கலாக இருந்ததைத் தெளிவு என்றேன். எதிர்ச் சுவரிலிருந்த எழுத்துப் பலகையில் கடைசி வரி வரைக்கும் எனக்குத் தெரிந்தது. மூன்றாவது வரியோடு நிறுத்திக்கொண்டேன்.

"நிறைய பவர் ஏறியிருக்கு சார்" என்றாள்.

"நான்தான் கவனிக்காம விட்டுட்டேன்" என்றார் அவர், அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்பதுபோல.

கண்ணாடிக்கான சட்டத்தை அவரே தேர்ந்தெடுத்தார். பிறகு மகள் நிறத்தைப் படித்து எண் காட்டும் கருவி ஒன்றை அனுப்பினாள். அதைப் பெட்டியைக்கூடப் பிரிக்காமல் அலமாரியில் வைத்துவிட்டு, "இவ இப்ப புதுக் கண்ணாடி போட்டிருக்கா, எனக்கு இது எதுக்கு?" என்றார். நாற்காலியில் உட்கார்ந்தபடியே சொட்டு விட்டு, குழாயை என் பக்கம் நீட்டினார். நான் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துச் சொன்னேன்.

அவர் இன்னும் ஐந்து மாதம் இருந்தார். அவர் எதிரில் இருக்கும்போதெல்லாம் அந்தக் கண்ணாடியைக் கழற்றாமல் போட்டிருந்தேன். அதன் வழியே படிக்கட்டு அசையும், அவர் முகத்தில் கண் எங்கே வாய் எங்கே என்று பிரியாது. கடைசி வாரம் மகள் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, அப்பாவுக்கு வலிக்கிறதாம்மா, முகம் எப்படி இருக்கிறது பாரேன் என்று கேட்டபோது, எனக்குத் தெரியவில்லை என்றேன்.

அது மட்டும் பொய் இல்லை, டாக்டர். மாணவர்களிடம் அதைச் சேர்த்துச் சொல்லுங்கள். எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை.