முன்பே நிரப்பி வைத்த கட்டம்

அவைக்குத் தலைமையேற்று, அரை மணி நேரமாக என் பெருமைகளை அடுக்கிய கண்காணிப்பாளர் அவர்களே! அவர் அடுக்கியதை நம்பிக் கைதட்டிவிட்ட பெரியோர்களே! வார்டுகளில் வலியோடு வருவோரை வாஞ்சையோடு காக்கும் செவிலித் தாய்மார்களே! விசைப்பலகையில் விரல் தேய்ந்த கணினிப் பிரிவுத் தோழர்களே! மூன்றாம் வரிசை ஓரத்தில் அமர்ந்திருக்கும் மூத்த சகோதரியே! அனைவருக்கும் தலை தாழ்ந்த வணக்கம். மரியாதைக்காக மட்டும் தாழவில்லை இந்தத் தலை. நிமிர்த்தத் தகுதி இல்லாததாலும்தான்.

"படிவமும் அறிக்கையும் பாங்காய் அமைப்பது எப்படி?" என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். இந்த மருத்துவமனையின் டேட்டாபேஸில் இருபது ஆண்டுகளாகப் படிவம் வரைந்தவன் என்று கேடயமும் தருகிறார்கள். அதோ, மேசைமேல் பளபளக்கிறது. நான் இன்னும் அதைத் தொடவில்லை.

அறிக்கையின் அகலம் தாளின் அகலத்தைத் தாண்டலாமா? தாண்டினால் என்ன ஆகும்? ஒரு தாளில் எழுத்து, அடுத்த தாள் வெறுமை! மறுபடி எழுத்து, மறுபடி வெறுமை! நான் அச்சிட்ட முதல் அறிக்கை நூறு தாள், ஐம்பது வெள்ளை. அன்றைய மேலாளர் பொறுமையாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, "என்னப்பா, பாதிப் பேரு டிஸ்சார்ஜ் ஆயிட்டாங்களா?" என்றார். சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். இதற்குமேல் சிரிக்க இடம் இருக்காது.

அடுத்து, நோயாளி சொல்லும் வரிசையில் கட்டங்கள் வர வேண்டும். என் படிவத்தில் பெயரைத் தட்டினால் கர்சர் தாவித் தொலைபேசி எண்ணுக்குப் போகும்; அங்கிருந்து வயதுக்குத் திரும்பும். "ஒங்க ஃபாரத்துக்கே தலை சுத்துது, மொதல்ல அதை அட்மிட் பண்ணுங்க" என்றார் ஒரு செவிலி. காலரில் எப்போதும் நாலு குண்டூசி குத்தியிருப்பார். குண்டூசி அக்கா என்றால் இங்கே தெரியாதவர் யார்?

என்ன ஐயா, "விஷயத்துக்கு வாங்க" என்கிறீர்களா? வருகிறேன். அதற்குத்தானே பதினோரு ஆண்டு ஆயிற்று!

சேர்க்கைப் படிவத்தில் "மருந்து ஒவ்வாமை உண்டா?" என்று ஒரு கட்டம். பத்துக்கு ஒன்பது பேர் இல்லை என்பார்கள். நான்தான் பெரிய மேதாவி ஆயிற்றே! படிவம் திறக்கும்போதே "இல்லை" என்று தானாக வந்து நிற்கும்படி அமைத்தேன். விரலுக்கு விடுதலை என்றேன்! வேலைக்கு வேகம் என்றேன்! யாரிடமும் சொல்லவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் எழுதுகிறோம் என்று எனக்கு உறைக்கவும் இல்லை.

அந்த வாரமே, உளி பட்டுக் கை கிழிந்த ஒரு தச்சர் வந்தார். வரிசை வாசல்வரை நின்றது. குண்டூசி அக்காவுக்கு ஒரு வழக்கம் உண்டு: கேட்க நேரமில்லாத கட்டத்தைக் காலியாக விடுவார், காலியைப் பார்த்தால் வார்டில் மறுபடி கேட்பார்கள். அன்றும் அப்படித்தான் விட்டார். ஆனால், காலியாக இருக்க நான் விட்டேனா? அச்சான அறிக்கையில் "இல்லை" என்று இருந்தது. அதை நம்பி ஊசி போட்டார்கள். தச்சருக்கு முகம் வீங்கியது, மூச்சு முட்டியது. நாலு நாள் தீவிர சிகிச்சை. அவர் மனைவி அவருடைய செருப்பைக் கையில் பிடித்தபடி கதவோரம் நின்றார். நல்லவேளை, அவர் பிழைத்தார்.

ஊசி போட்ட மறுநாளே விசாரணை. "நான் அந்தக் கட்டத்தத் தொடவே இல்ல சார். அதுவா வந்திருக்கு" என்றார் அக்கா. படிவத்தைத் திறக்கச் சொன்னார்கள். திறந்தேன். கட்டம் காலி! எப்படிக் காலி? முந்தைய நாள் மதியம், தச்சரின் நிலை தெரிந்ததும், எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில், அந்த "இல்லை"யை நான் எடுத்துவிட்டிருந்தேன்.

"பாத்தீங்களாம்மா? காலியாத்தான இருக்கு?" என்றார் அதிகாரி. அக்கா என்னைப் பார்த்தார். நான் விசைப்பலகையைப் பார்த்தேன்.

அன்று வாய் திறந்தேனா? இல்லை. அவரைத் துணிக்கிடங்குக்கு மாற்றியபோதாவது திறந்தேனா? இல்லை. நடைபாதையில் எதிரே வந்து "சாப்டியா தம்பி?" என்று கேட்டாரே, அப்போதாவது? இல்லை! நரம்பு பார்த்து ஊசி போட்ட கை பதினோரு ஆண்டாகப் போர்வை மடிக்கிறது. எனக்கு வெட்கமாக இருக்கிறது. மேடைக்கு ஏற்ற அலங்காரச் சொல் தேடினேன், கிடைக்கவில்லை. வெட்கமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

தோழர்களே, கேட்காத கேள்விக்குப் பதிலை முன்பே நிரப்பி வைக்காதீர்கள். எதை மாற்றினாலும், யார், எப்போது மாற்றினார் என்று எழுதி வையுங்கள். நான் எழுதவில்லை, ஆனால் அந்த "இல்லை" இருந்த பழைய படிவத்தின் பிரதி ஒன்று என்னிடம் தேதியோடு தங்கிவிட்டது. இந்த உறைக்குள் இருக்கிறது. தலைவர் அவர்களே, கேடயத்தை நீங்களே வைத்துக்கொண்டு இதை வாங்கிக்கொள்ளுங்கள். அக்கா இந்த மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறார். அதற்குள் அவர் பணிப்பதிவேட்டில் இருக்கும் "கவனக்குறைவு" என்ற சொல்லை அடித்து, என்னுடையதில் எழுதுங்கள்.

சற்று அமைதி, அக்கா எழுந்திருக்கிறார். மைக்கை அங்கே கொடுங்கள். வேண்டாமா? சரி, சொல்லுங்கள் அக்கா.

"பதினோரு வருஷமா, ஒருவேள நாந்தான் தட்டிட்டேனோன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன் தம்பி."

கேட்டீர்களா அவையோரே? என்னைத் திட்டவில்லை. இத்தனை ஆண்டும் தன்னையே சந்தேகப்பட்டுக்கொண்டு இருந்திருக்கிறார்!

இல்லக்கா. நீங்க தட்டல. நீங்க அன்னைக்குச் சொன்னது அத்தனையும் நிஜம்.

இதைச் சொல்ல இடம் தந்த அவைக்கு நன்றி. எனக்குக் கைதட்ட வேண்டாம். போகும்போது அக்காவிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போங்கள். வணக்கம்.