முட்டைக்குக் காவல்

...வெளிய போய் உக்காருங்கன்னு சொல்லிட்டாங்கம்மா, டாக்டரம்மா! என்னை! பெத்தவளை! சம்பந்தியம்மாவையும்தான் சொன்னாங்க, அது ஒண்ணுதான் ஆறுதல். அவங்க கோவத்துல தண்ணி குடிக்கப் போயிருக்காங்க. வரதுக்குள்ள சொல்லிடறேன், கேளு. இந்தப் பக்கம் வா, அந்த ஃபேன் உன் தலையிலயே அடிக்குது. பையை மடியில வச்சுக்கோ. ஆங்.

உள்ள இருக்கறது என் பொண்ணும் மாப்பிள்ளையும். பொண்ணு மூக்குக்கண்ணாடிக் கடையில வேல பாக்கறா. மாப்பிள்ளை லிஃப்ட் மெக்கானிக். தங்கமான மனுஷன், நல்ல உயரம். கல்யாணமாகி நாலு வருஷம் ஆச்சு. இவளுக்கு மாசாமாசம் வரவேண்டியது ஒழுங்கா வராது. ஒரு மாசம் வரும், அப்புறம் ஆளையே காணோம். திடீர்னு ஒருநாள், சொல்லாம கொள்ளாம, விருந்தாளி மாதிரி வந்து நிக்கும். டாக்டரம்மா ஸ்கேன் பண்ணிட்டு, சினைப்பையில முட்டை சரியா முத்தி வெளிய வரல, அதான் குழந்தை தங்கலன்னாங்க. தைராய்டு டெஸ்ட் எடுத்தாங்க, மாத்திரை குடுத்தாங்க, தினம் நடக்கச் சொன்னாங்க. மாப்பிள்ளைக்கும் ஒரு டெஸ்ட். பாவம், வெக்கத்துல அந்த டப்பாவைச் சட்டைக்குள்ள மறைச்சு எடுத்துட்டுப் போனார்... சரி, அதை விடு. அவர்கிட்ட குறை ஒண்ணும் இல்லையாம்.

எனக்கு இந்த மாத்திரையில எல்லாம் நம்பிக்கை கிடையாதும்மா. பொண்ணை எங்க ஆயுர்வேத வைத்தியர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். நாடி பிடிச்சாரு, நாக்கை நீட்டச் சொன்னாரு, பசிக்குதா, தூக்கம் வருதா, எரிச்சல் வருதான்னு கேட்டாரு. எரிச்சல்னதும் இவ என்னைத் திரும்பிப் பாத்தா. எதுக்குப் பாத்தான்னே தெரியல. வாதமும் கபமும் முட்டிக்கிட்டு நிக்குதுன்னு சொல்லி ஒரு கஷாயம், தண்ணீர்விட்டான் கிழங்கு லேகியம், எண்ணெய்க் குளியல்னு எல்லாம் குடுத்தாரு. கஷாயம் எப்படி இருக்கும்னு கேக்கறியா? நான் ஒரு வாய் குடிச்சுப் பாத்தேன். அன்னிக்கு முழுக்க யார்கிட்டயும் பேசல. அந்தக் கஷாயத்தை இன்னும் கொஞ்சம் வாங்கி வைக்கலாமான்னு என் வீட்டுக்காரர் கேக்கறார், பாத்துக்கோ.

இது சம்பந்தியம்மாவுக்குத் தெரிஞ்சுபோச்சு. அவங்க பேங்க்ல கேஷியரா இருந்து ரிட்டையர் ஆனவங்க. மாத்திரைக் கட்சி. "படிச்ச டாக்டர் குடுக்கறதை விட்டுட்டு வேரையும் தழையையும் கலக்கி ஊத்தறீங்களே"ன்னு போன்லயே ஒரு கத்து. நான் சும்மா இருப்பேனா? "உங்க மாத்திரை சூடு, என் பொண்ணு உடம்பு தாங்காது"ன்னேன். அவ்வளவுதான். மருந்து ஒழுங்காப் போகுதான்னு பாக்க நான் பெட்டியோட பொண்ணு வீட்டுக்கு வந்தேன். நான் வந்துட்டேன்னு அவங்களும் பெட்டியோட வந்துட்டாங்க.

இதுல கூத்து என்னன்னா, டாக்டரம்மாவும் வைத்தியரும் சண்டையே போடலம்மா! வைத்தியர் என்ன சொன்னாரு தெரியுமா? "அந்த மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்க. நான் குடுக்கறதையும் டாக்டர்கிட்ட மறைக்காதீங்க." எனக்கு எப்படி இருக்கும்? எங்க கட்சி ஆளே இப்படிப் பேசலாமா? டாக்டரம்மாவாவது திட்டுவாங்கன்னு சம்பந்தியம்மா லேகிய டப்பாவைக் கொண்டுவந்து மேஜையில டொக்குன்னு வச்சாங்க. டாக்டரம்மா அதை முகர்ந்து பாத்து, வைத்தியர்கிட்டயே போன்ல பேசி, கஷாயம் மட்டும் இப்போ வேணாம், மாத்திரையோட சேராதுன்னு நிதானமா சொன்னாங்க. திட்டே இல்ல. சம்பந்தியம்மா மூஞ்சியைப் பாக்கணுமே!

போன மாசம் ஸ்கேன்ல முட்டை நல்லா முத்தி வந்துடுச்சு. எதால வந்துச்சுன்னு மட்டும் கேக்காதே. லேகியம்னு நான், மாத்திரைன்னு அவங்க. தினம் நடந்ததாலன்னு என் பொண்ணு. அவளை யாரு கேட்டா? டாக்டரம்மா, "இந்த ரெண்டு மூணு நாள் முக்கியம், வீணாக்காதீங்க"ன்னாங்க. வீணாக்குவோமா? நான் ஸ்கூல் பஸ்ல ஆயாவா இருந்தவம்மா. வம்பு வரும்னு தோணினா நடுவுல போய் உக்காந்துடுவேன். பொண்ணைப் படுக்க வச்சு, குலுங்கக்கூடாதுன்னு காலுக்கடியில தலகாணி குடுத்து, அவ புரண்டா நாங்க ரெண்டு பேரும் எழுந்து உக்காந்து... அப்படி ஒரு காவல்!

அந்த நேரம் பாத்து மாப்பிள்ளை கதவைத் தட்டறார். "அத்தை, என் சார்ஜர் இங்க இருக்கா?" எடுத்துக் குடுத்தேன். கொஞ்ச நேரத்துல மறுபடியும். போர்வை வேணுமாம். குடுத்தேன். அப்புறம் நகவெட்டி! ஏம்மா, தூங்கற நேரத்துல யாரும்மா நகம் வெட்டுவா? சம்பந்தியம்மா, தன் பையன்னும் பாக்கல. "முக்கியமான நேரத்துல தொந்தரவு பண்ணாதேடா"ன்னு தாழ்ப்பாளைப் போட்டுட்டாங்க. அதுல மட்டும் எங்களுக்குள்ள அப்படி ஒரு ஒத்துமை.

இவ்வளவு பண்ணியும் தங்கல. இந்த மாசமும் முட்டை வந்தாச்சாம், இப்பத்தான் ஸ்கேன்ல பாத்தாங்க. என் பொண்ணு கண்ணைத் துடைச்சுக்கிட்டா. "இந்தத் தடவையும் இல்லன்னா எனக்குத் தாங்காதும்மா"ன்னா. இங்கிலீஷ் மருந்து, நாட்டு மருந்து, ரெண்டுமே ஏமாத்து வேலைன்னு முகத்துக்கு நேரா சொல்லிட்டேன். டாக்டரம்மா என்னையே பாத்தாங்க. "வீட்டுல எத்தனை ரூம்?"னாங்க. முட்டைக்கும் ரூமுக்கும் என்னம்மா சம்பந்தம்? ஒரே ரூம்தான்னேன். மாப்பிள்ளைக்குத் திடீர்னு இருமல். பொண்ணு சுவத்துல எதையோ படிக்கறா, அங்க ஒரு எழுத்துகூட இல்ல. உடனே, "அம்மாக்கள் ரெண்டு பேரும் வெளிய இருங்க."

இதோ, கேக்குதா? உள்ள சிரிக்கறாங்க! அட, நீயும் ஏம்மா சிரிக்கறே?

என்னது? மாப்பிள்ளை எங்க படுக்கறாரா? ஹால்ல, சோபாவுல. நல்ல சோபாதான், கால் மட்டும் வெளிய தொங்கும். கட்டில்ல பொண்ணு. இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் சம்பந்தியம்மா. ஒருத்தருக்குத் தெரியாம ஒருத்தர் எதையாவது ஊத்திடக்கூடாதில்ல? ...அந்த ரெண்டு மூணு நாளுமா? அட, அந்த நாள்லதான் ரொம்ப உஷாரா இருந்தோம்னு சொல்றேனே. தாழ்ப்பாள் போட்டு... போட்டு...

...

ஐயய்யோ.

அப்போ அந்த நகவெட்டி!

அடக் கடவுளே. மருந்தைப் பாத்துப் பாத்து மனுஷனை ஹால்ல விட்டுட்டோமே! வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம்ல அந்தப் பிள்ளை? எப்படிச் சொல்லும், மாமியார்கிட்ட?

சம்பந்தியம்மா! இங்க வாங்க. உக்காராதீங்க, கிளம்பணும். உங்க வீட்டுக்கு நீங்க, என் வீட்டுக்கு நான். இப்பவே. காதைக் குடுங்க... ம்... ம்... பாத்தீங்களா, உங்களுக்கும் தோணலல்ல? இதுல கேஷியர் வேற! என்ன, நான் முதல்ல போகணுமா? அதெப்படி? சரி, ஒரே பஸ். என் பையை நீங்க வச்சுக்கோங்க, உங்க பையை நான் வச்சுக்கறேன். பெட்டியா? பெட்டி அங்கயே கிடக்கட்டும்!

தோ, வந்துட்டாங்க. மாப்பிள்ளை! சாவி இருக்கில்ல? நேரா வீட்டுக்குப் போங்க. நாங்க வரல. சார்ஜர் கட்டில் பக்கத்துலயே இருக்கு! ஏண்டி, நீ ஏன் தலையில அடிச்சுக்கறே?

என்னம்மா, உன்னைக் கூப்பிடறாங்களா? போ, போ, நல்லதே நடக்கும். இரு, ஒண்ணே ஒண்ணு... ஏன் இப்படி ஓடறே? ஏம்மா! உன் மாமியார் எங்க படுக்கறாங்க?