மருதோன்றி போட மறுத்த மேரிகிறேஸ் அக்கா

மன்றத்தின் மாண்பை மட்டுமன்றி இந்த மைக்கின் வயரையும் சேர்த்துக் காத்துவரும் சபைத் தலைவர் ஞானரட்ணம் அவர்களே, டென்மார்க்கின் நீளப் பாலம் கடந்து காற்றைக் கிழித்து டோஸ்ட்ருப்பிலிருந்து ரண்டர்ஸ் வந்து சேர்ந்த பெரியோர்களே, பெற்றெடுத்த தாய்மாரே, பெயர் பெற்ற தந்தைமாரே, பின்வரிசையில் கொறிக்க ரோல்ஸ் வரும் கதவையே பார்த்திருக்கும் நண்பர்களே, உங்கள் அனைவருக்கும் இந்தக் கிளோறியாவின் கனிவான, களிப்பான, கட்டுக்கடங்காத வணக்கம்.

கட்டுக்கடங்காத வணக்கம் எதற்கு? உயிரோடு நிற்கிறேனே, அதற்கு. தலைவர் தந்த தலைப்பு, தோல் சொல்லும் சேதி. தந்த நேரம் ஐந்து நிமிடம். அண்ணை, மணிக்கூட்டை இப்பவே பாக்காதேங்கோ, நான் இன்னும் தொடங்கேல்லை.

அன்பானவர்களே, போன மாசியில் நான் கறுக்கத் தொடங்கினேன். சூரியனே சுகயீன லீவில் நிற்கும் மாசியில். நான் வேலை செய்யும் வயோதிபர் இல்லத்தில் டெனிஷ்காரிகள் பொறாமைப்பட்டார்கள். "ஃபெரிக்கு எங்கே போனாய், ஸ்பெயினா?" என்று கேட்டார்கள். ஃபெரி என்றால் டெனிஷில் லீவு. ஃபெரியாவது, லீவாவது! நான் போன அதிக தூரம் பஸ் தரிப்பிடம்.

எங்கள் ஆட்கள் சும்மா இருந்தார்களா? "கறுத்துப்போனாய்" என்றார் ஒருவர். "மெலிஞ்சு வடிவாயிட்டாய்" என்றார் ஒருவர். இன்னொருவர் வெள்ளையாக்கும் கிரீமின் பெயரைச் சொன்னார். வாங்கினேனா? வாங்கினேன், இரண்டு ரியூப். முன்வரிசையிலை ஓராள் குனியிறா. குனியாதேங்கோ, பேர் சொல்லமாட்டன்.

உள்ளே என்ன நடந்தது? எழும்பினால் தலைசுற்று. நடந்தால் களைப்பு. ஊறுகாய்ப் போத்தலைத் திறந்தால் உப்புத் தண்ணீரை அப்படியே குடித்தேன். ஒன்பது கிலோ குறைந்தது. நான் என்ன நினைத்தேன்? சோற்றைக் குறைத்ததன் வெற்றி என்று நினைத்தேன்.

என் சொந்த அக்காவின் மகள் அஜந்தினிக்குக் கலியாணம். முதல்நாள் வெள்ளிக்கிழமை காலை, மருதோன்றி போட மேரிகிறேஸ் அக்கா வந்தார். இருபத்தைந்து வருடமாக இந்த நாட்டில் எங்கள் பெண்களின் கை பார்த்தவர். அவரின் வாயைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை, எல்லாரும் வாங்கிக் கட்டியிருக்கிறீர்கள். என் கையை எடுத்தார். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

"என்னடி இது, ரேகையெல்லாம் கரிக்கோடாக் கிடக்கு?"

"கறுத்துப்போனன் அக்கா, எல்லாரும் சொல்லிச்சினம்."

"முகம் கறுக்கட்டும். போன வருசம் இந்தக் கைக்கு நான்தானே போட்டனான், இப்பிடி இருக்கேல்லை. வாயைத் திற."

திறந்தேன். பல்முரசும் கறுத்திருந்தது.

"போடமாட்டன். போட்டா கறுப்பு மறைஞ்சு டொக்டருக்கு ஒண்டும் தெரியாது. முதல் காட்டிப்போட்டு வா."

கலியாண வீட்டில் வெறுங்கையோடு நிற்பதா? அழுதேன், கோபித்தேன். மேரிகிறேஸ் அக்கா அசையவில்லை. தானே காரை எடுத்து என்னைக் கொண்டுபோனார்.

டொக்டர் நல்ல பிள்ளை. என்னைப் பார்த்து, "இதுதானே உங்கள் இயல்பான நிறம்?" என்று கேட்டார். அக்கா என் கைப்பையைப் பறித்து, சாரதிப் பத்திரத்தை எடுத்து மேசையில் வைத்தார். "இது போன வருசப் படம். இப்ப ஆளைப் பாருங்கோ." படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், உள்ளங்கையைப் பார்த்தார். உடனே இரத்தம் எடுத்தார். அன்று பின்னேரமே ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வந்தது.

சிறுநீரகங்களுக்கு மேலே இரண்டு சின்னச் சுரப்பிகள் உண்டு. என்னுடையவை வேலையை விட்டுவிட்டன. உடம்பில் உப்பு நிற்கவில்லை. நோயின் பெயர் அடிசன், தோலைக் கறுப்பாக்கியதும் அதுதான். "இந்த நிலையில் ஒரு கடும் காய்ச்சல் வந்திருந்தால் உங்களைக் காப்பாற்றுவது கஷ்டம்" என்றார் பெரிய டொக்டர். அஜந்தினியின் தாலிகட்டை நான் கட்டிலில் கிடந்து, சேலைன் ஏற, போனில் பார்த்தேன். சிரித்தேன், அழுதேன், தாதி பயந்துபோனார்.

மக்களே, கறுப்பு நோயா? இல்லை. கறுப்பாய்ப் பிறந்தோம், கறுப்பாய்ச் சிறந்தோம். காரணமில்லாமல் நிறம் மாறுவதே சேதி. கண் மஞ்சளானால் ஈரலைச் சோதியுங்கள். கழுத்து மடிப்புக் கறுத்துத் தடித்தால் தேய்க்காதீர்கள், இரத்தத்தில் சீனியைச் சோதியுங்கள். டொக்டருக்கு உங்கள் பழைய நிறம் தெரியாது, பழைய படத்தைக் கொண்டுபோங்கள். "கறுத்துப்போனாய்" என்று சொல்லும் வாயை நான் மூடச் சொல்லவில்லை, மூடவும் மாட்டீர்கள். அதோடு ஒரு கேள்வியைச் சேருங்கள்: "உடம்புக்கு என்ன செய்யுது?" அந்தக் கேள்வியை ஆறு மாதமாக ஒருவரும் என்னைக் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்கவில்லை.

ஒரு நிமிடம் பொறுங்கள். இரண்டு மணி, என் மருந்துக் குளிசை நேரம். அந்தத் தண்ணியை இஞ்சை தாங்கோ அண்ணை.

போட்டாச்சு. இதை விட்டால் விழுந்துவிடுவேன். அதனால் சாகும்வரை போடுவேன், சாவதற்கு எனக்கு இப்போது கொஞ்சமும் நேரமில்லை. பொறுமையாய்க் கேட்ட உங்கள் ஒவ்வொருவருக்கும், என்னோடு இன்றைக்கும் சண்டைபிடிக்கும் மேரிகிறேஸ் அக்காவுக்கும் என் உயிர் உள்ளவரை நன்றி, வணக்கம்.