வருமானம் குறைந்ததற்கான காரணம்

மேல்முறையீட்டுப் படிவத்தில் காரணம் எழுதப் பத்து வரிதான் விட்டிருக்கிறார்கள். அதனால் தனித்தாள் இணைத்திருக்கிறேன். கையெழுத்து புரியாமல் போகாது. உங்கள் அலுவலக வாசலில் இருக்கும் ஜெராக்ஸ் கடையில் பதினாறு வருடமாக ஊராருக்குப் படிவம் நிரப்பிக் கொடுப்பவள் நான். ஐந்து மணிக்குள் இதைக் கொடுத்தாக வேண்டும். இப்போது மூன்றரை. உட்கார்ந்தால் எழ வேண்டும்போல் இருக்கிறது, எழுந்தால் உட்கார வேண்டும்போல் இருக்கிறது. இரண்டு முறை போய்க் குழாயை மூடிவிட்டு வந்தேன். அது ஏற்கெனவே மூடித்தான் இருந்தது.

என் ஒரே மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. குடும்ப வருமானம் வரம்புக்குள் இருந்தால் கட்டணத்தை அரசே கட்டும். இல்லாவிட்டால் அவள் படிப்பு அத்தோடு சரி. என் கணவருக்கு மர அறுவை மில்லில் வேலை. கூப்பிட்டால் ஞாயிற்றுக்கிழமையும் ஓடுகிற மனிதர். அவருடைய ஓவர்டைமைச் சேர்த்தால் வருடக் கடைசியில் வரம்பைக் கொஞ்சம் தாண்டிவிடும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கடைசி ஆறு வாரம் ஓவர்டைம் போகாமல் இருந்தால் போதும்.

சொல்லிப் பார்த்தேன். "வர்ற வேலைய வேணாம்னு சொல்லச் சொல்றியா? திமிரு புடிச்சவன்னு நெனப்பாங்கடி," என்று சிரித்தார். "அவ படிப்புக்குத்தானே இப்படி ஓடுறேன்."

கடை முதலாளி வேறு வழி சொன்னார். "ஏம்மா, ஊரே கொறச்சுத்தான் காட்டுது. கொறச்சு ஒரு சம்பளச் சான்று வாங்கிட்டு வந்தா முடிஞ்சுது. நீ ஏன் ரொம்பத்தான் பண்ற?" எனக்குக் கோபம் வந்தது. 'அக்கா, கொஞ்சம் கொறச்சுப் போடுங்க' என்று எத்தனையோ பேர் என்னிடம் கெஞ்சியிருக்கிறார்கள். ஓர் எண்ணைக்கூட நான் மாற்றியதில்லை. என் மகளின் படிவத்திலா பொய் எழுதுவேன்? பொய் எழுதக் கூடாது என்றால் வருமானம் நிஜமாகவே குறைய வேண்டும். இதை நீங்களும் ஒப்புக்கொள்வீர்கள்.

எனக்குச் சளிக்குக் கொடுத்த மாத்திரை வீட்டில் இருந்தது. போட்டால் கண்ணைச் சுழற்றிக்கொண்டு தூக்கம் வரும். அதைப் பொடித்து அவருடைய டீ பிளாஸ்கில் கலந்தேன். தூங்கி வழிகிறவனை மேஸ்திரி ஓவர்டைமுக்குக் கூப்பிடமாட்டார் என்பது என் கணக்கு. முதல் வாரம் தினம் ஒன்று. "வயசாயிடுச்சு போல, கொட்டாவி கொட்டாவியா வருது," என்றார். ஓவர்டைம் நிற்கவில்லை. அடுத்த வாரம் இரண்டு. மேஸ்திரி, "போய் மொகத்தக் கழுவிட்டு வாய்யா மாப்ள," என்று கிண்டல் செய்தாராம். அதையும் சிரித்துக்கொண்டே வந்து சொன்னார். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. காலண்டரைப் பார்க்காமல் சமையலறைக்குள் நுழைய முடியவில்லை. மூன்றாவது வாரம் மூன்று போட்டேன்.

வியாழக்கிழமை பதினொரு மணிக்குக் கடைக்குப் போன் வந்தது. அவருடைய வலது கை மணிக்கட்டோடு போய்விட்டது.

இப்போது நான்தான் ஊட்டிவிடுகிறேன், சட்டைப் பட்டன் போட்டுவிடுகிறேன். "உன்ன மாதிரி என்னை யாரு பாத்துப்பா," என்று போன வாரம் அழுதுவிட்டார். எனக்கும் அழுகை வந்தது. நான் ஒன்றும் கல்நெஞ்சுக்காரி இல்லை.

சம்பளம் வரம்புக்குள் வந்துவிட்டது. ஆனால் மில்லில் கொடுத்த நஷ்டஈட்டையும் வருமானத்தில் சேர்த்து விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டீர்கள். இத்தனை வருடம் படிவம் நிரப்பியும் அந்த விதி என் கண்ணில் படவில்லை. அது என் தவறுதான். கடிதத்தைப் படித்ததும் மகள், "விடும்மா, நான் எங்கயாவது வேலைக்குப் போறேன். அப்பாவும் பாவம்," என்றாள். "வாயக் கழுவுடி," என்றேன். அவளுக்காகத்தானே இத்தனையும். அந்தப் பணம் சம்பாத்தியம் அல்ல, ஒரு கைக்காகக் கொடுத்தது. அதைக் கழித்துவிட்டு மறுபடி பரிசீலிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

காரணத்தை முழுமையாகத் தெரிவிக்காவிட்டால் மேல்முறையீடு செல்லாது என்று கீழே அச்சிட்டிருக்கிறது. அதனால் இதையும் எழுதிவிடுகிறேன். அந்த வியாழக்கிழமை காலை செருப்பை மாட்டிக்கொண்டே, "ரம்பத்துல நிக்கிறவன் லீவு. இன்னைக்கு நான்தான் அதுல," என்றார். எனக்கு நன்றாகக் காதில் விழுந்தது. பிளாஸ்கின் மூடி அப்போது என் கையில் இருந்தது. வேறு டீ போட நேரமும் இருந்தது. மூடியைத் திருகி அவரிடம் கொடுத்தேன். வருடம் முடிய மூன்று வாரம்தான் பாக்கி.

தகப்பனாரும் ஒப்பமிட வேண்டும் என்பது விதி. நாலே கால் மணிக்குத் தாளை அவர் முன்னால் வைத்து, படித்துப் பார்க்கச் சொன்னேன். "நீ எழுதினா சரியாத்தான் இருக்கும்," என்று இடது பெருவிரலை நீட்டினார். மையை நானே தடவி, தாளில் நானே அழுத்தினேன். ரேகைக்குக் கீழே மிஞ்சிய இடத்தில் இதை எழுதுகிறேன்.

மேலே கண்டவை யாவும் உண்மை. யாரிடமும் எதையும் நான் மறைக்கவில்லை.