தையல் கம்பெனிக் கடிகாரம்

— இந்த அறையில இருக்கிறது மூணே பேர். பேராசிரியரம்மா நீங்க, தையல் கம்பெனி முதலாளி நான், உங்க மாணவி, என் தம்பி மக இவ. பேச்சு இந்த மூணு பேரைத் தாண்டக் கூடாது, சொல்லிட்டேன்.

— உக்காந்து பேசலாம் ஐயா.

— நின்னே பேசுறேன். மார்க்ஸப் பத்தி ஆராய்ச்சின்னா புத்தகத்தப் பாத்து எழுதணும். எங்க வீட்டைக் கிளறச் சொன்னது யாரு?

— யாரும் சொல்லல பெரியப்பா. தலைப்பு, கேள்வி எல்லாம் நாங்களே முடிவு பண்ணலாம்னு மேடம் விட்டுட்டாங்க. ஒருத்தன் ஹாஸ்டல் சமையல்கட்டப் பத்தி எழுதுறான். நான் 'வேலை நேரம் யாருக்குச் சொந்தம்'னு எடுத்தேன்.

— எடுத்துட்டு, அப்ப முதலாளியா இருந்த உன் தாத்தா கடிகாரத்துல திருட்டுத்தனம் பண்ணாருன்னு எழுதுவியா? செத்தவரு எந்திரிச்சு வந்து பதில் சொல்வாரா?

— பழைய தையல்காரம்மாங்க பதினோரு பேர் சொன்னாங்க. கைக்கடிகாரத்த எல்லாம் கேட்லயே வாங்கி வச்சிடுவாங்களாம். மதியம் சாப்பிட்டுத் திரும்பி வந்தா, சுவர்க் கடிகாரத்துல முள்ளு கால் மணி நேரம் பின்னால நிக்குமாம், சாயங்காலம் அவ்வளவு நேரம் கூட வேலையாம். 'எங்களவிட அதுக்குத்தான் உண்ட மயக்கம்'னு சிரிக்கிறாங்க.

— சிரிப்பாங்க. வெள்ளிக்கிழமை உங்க காலேஜ் கண்காட்சியில இது தொங்கினா ஊரே சிரிக்கும். அந்தப் பக்கத்தக் கிழிச்சிடுங்கம்மா.

— கிழிக்க மாட்டேன் ஐயா. என் வகுப்புல சட்டம் ஒண்ணே ஒண்ணுதான். யாரப் பத்தி எழுதுறாங்களோ, அந்த வீட்டுக்காரங்க படிச்சுப் பாத்துப் பதில் சொல்லலாம். அதையும் பக்கத்துலயே ஒட்டிடுவோம். தப்பா இருந்தா சொல்லுங்க.

— தப்புதான்.

— எது பெரியப்பா? முள்ளத் திருப்பினதா?

— அது நடந்துச்சு.

— அப்புறம் எது தப்பு?

— உன் தாத்தா மதியத்துல எல்லாரோடயும் வரிசையில உக்காந்து சாப்பிட்ட மனுஷன். சொந்தமா ஒரு வாட்ச் கட்டினவர் இல்ல. அந்தச் சுவர்க் கடிகாரத்தப் பாத்துத்தான் அவரும் வீட்டுக்குக் கிளம்புவாரு.

— அப்ப பதினோரு பேரும் பொய் சொல்றாங்களா?

— பொய் இல்ல. முள்ளப் பாத்தாங்க, கையப் பாக்கல.

— ஐயா, தண்ணி குடிங்க.

— வேண்டாம்மா. நீ பேனாவ எடு. 'முதலாளி'ன்னு மொட்டையா எழுதாத, நான் சொல்றத அப்படியே எழுது. உன் தாத்தா அந்தக் கடிகாரத்தத் தொட்டதே இல்ல. தினமும் ஏணி போட்டு ஏறினவன் நான்.